வசந்த உலாவும் ஒரு கீரைக் கேஸும்

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் கோர்ட்டில் கூண்டு ஏறினேன்.

பதற வேண்டாம். சாட்சிக் கூண்டுதான். ஆனால் இறங்கும்போது எனக்கே சந்தேகமாக இருந்தது... நான் சாட்சியா, குற்றவாளியா?

கோயமுத்தூர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். அதனால்தான் தபாலில் குடைந்துகொண்டே இருக்கிறார்கள். 'ஊர் வம்பெல்லாம் எழுதுகிறீரே, உமது கீரை வம்பை ஏன் எழுதவில்லை?' நானும் காப்பி குடிப்பதன் தீமை, ரயிலில் இடம் பிடிக்கும் சாமர்த்தியம் என்று இந்தப் பத்திரிகையில் எதையெதையோ எழுதிச் சமாளித்துப் பார்த்தேன். இனிமேல் முடியாது. சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு பஞ்சுக் கம்பெனியில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா. எங்கள் முதலாளிக்குப் பஞ்சு வியாபாரமும் உண்டு, பீளமேட்டுப் பக்கம் மில்லும் உண்டு. மாசி மாதக் கடைசியில் அவர் ஊட்டிக்குப் போய், ஒரு துரையின் பங்களாவில் டீ சாப்பிட்டுவிட்டு வந்தார். டீயோடு ஒரு யோசனையும் சேர்ந்து உள்ளே போயிருக்கிறது.

"சீமையில வசந்த காலம் வந்தா, பெரிய மனுசங்க எல்லாம் குடும்பத்தோட காட்டுச் செடி பாக்கப் போவாங்களாமப்பா. வெவரம் தெரிஞ்சவரு ஒருத்தரு முன்னால நடந்து வெளக்கம் சொல்லுவாராம். மத்தவங்க நோட்டுல எழுதிக்குவாங்களாம். நம்மூர்லயும் அதைய நடத்தோணும்."

"நல்ல யோசனைங்க," என்றேன். சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன சொல்வான்?

"நீதான் செக்ரட்டரி."

"ஆகட்டுங்க. ஆனா ஒண்ணுங்க... நம்மூர்ல ஐப்பசி மழைக்கு அப்புறந்தான் செடி கொடி தலை காட்டும். அப்ப வெச்சுக்கலாமுங்களே?"

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐப்பசிக்குப் பேரு வசந்த காலமாப்பா?"

இல்லை. பங்குனிக்குத்தான் வசந்த காலம் என்று பெயர். சீமையில் அப்போது பனி உருகிப் பூ பூக்குமாம். நம்மூர்ப் பங்குனியில் பூப்பது முதுகில் வேர்க்குரு ஒன்றுதான். இருந்தாலும் சங்கம் பிறந்துவிட்டது. பெயர், கொங்கு நாட்டுக் காட்டுச் செடி அபிமானிகள் சங்கம். பிரசிடெண்ட் முதலாளி. வகுப்பு நடத்த, ரிட்டயர்டு ரேஞ்சர் சபாபதி.

ரேஞ்சரைப் பற்றி இரண்டு வார்த்தை. காட்டு இலாகாவில் முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவர். ஸோலார் தொப்பி, காலில் பட்டி, கையில் பிரம்பு... பார்த்தால் புலியே சலாம் போடும். ஆனால் அவருடைய சர்வீஸெல்லாம் மர டிப்போவில். அவர் கண்ட மரமெல்லாம் வெட்டிப் படுக்கப் போட்ட மரம். உயிரோடு நின்ற செடியை அவர் எங்கே கண்டார்? இருந்தாலும் லத்தீன் பெயர்கள் அவர் நாக்கில் தாண்டவமாடின.

முதல் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி. மூன்று மோட்டார், இரண்டு ஜட்கா. வக்கீல்கள், டாக்டர், பாங்கு ஏஜெண்டு, அவர்களுடைய மனைவிமார் என்று இருபது பேர் கணபதி கிராமத்துக்கு அப்பால் ஒரு கரட்டுக் குன்றின் அடியில் போய் இறங்கினோம். முதலாளி பிற்பாடு மில் ஷெட் கட்டலாம் என்று வாங்கிப் போட்டிருந்த இடம் அது. பாறையும், பாறையைச் சுற்றிப் பொட்டல் மண்ணும்.

என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. எல்லாம் காய்ந்து சருகாகிக் கிடந்தது. பச்சையாக நின்றவை எருக்கும் கள்ளியும்தான்.

ரேஞ்சர் அசரவில்லை. எருக்கஞ்செடியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். டாக்டரின் மனைவி அதைப் படமாக வரைந்துகொண்டார். தன் வீட்டுக்குப் பின்னால் நின்ற எருக்கை அந்த அம்மாள் வேலைக்காரியை விட்டு வெட்டச் சொன்னது முந்தின நாள்தானாம். பிறகு எல்லோரும் கள்ளி நிழலில் டிபன் சாப்பிட்டோம். கள்ளிக்கு நிழல் ஏது என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நாங்களும் அதைத்தான் தேடினோம்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"ஏப்பா, செடியவே காணோமே?"

"மழை இல்லீங்களே..."

"மழை இல்லாட்டி என்னப்பா? தண்ணி ஊத்து."

அப்படியாக, வாசக நேயர்களே, கோயமுத்தூர் ஜில்லாவிலேயே முதல் தடவையாகக் காட்டுச் செடிகளுக்கு மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். வண்டி தினம் இரண்டு நடை போயிற்று. ரேஞ்சர் இருபத்திரண்டு செடிகளைத் தேர்ந்தெடுத்தார். இருந்தவை சில. மில் தோட்டக்காரர் மருதமலை அடிவாரம் வரை போய் வேரோடு பிடுங்கிவந்து நட்டவை பல. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தகரப் பலகை. பலகையில் நம்பர், லத்தீன் பெயர், தமிழ்ப் பெயர், குணம்.

இதை என் மனைவி காமாட்சியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் குழாயடியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அப்போதுதான் அரைக்குடத்தோடு வந்திருந்தாள். சிறுவாணித் தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது என்று எல்லோரும் மெச்சுகிறோம். எங்கள் வீதிக்கு மட்டும் அது யோசித்து யோசித்துத்தான் வரும்.

"ஏனுங்க, எருக்கஞ்செடிக்கா வண்டி வெச்சுத் தண்ணி ஊத்தறீங்க?"

"எருக்குக்கு இல்லை. துத்திக்கு, நாயுருவிக்கு, குப்பைமேனிக்கு..."

"அதையெல்லாந்தான் நானு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில நித்தம் புடுங்கிப் போடறனுங்களே!"

படித்தவர்கள் நடத்தும் காரியம் பெண்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினேன்.

வகுப்பு ஜோராக நடந்தது. ஒரு ரகசியம் சொல்கிறேன்... எந்தச் செடியைக் கேட்டாலும் கடைசியில் 'இண்டிகா' என்று முடித்தால் பாதி மார்க்கு நிச்சயம். அகாலிஃபா இண்டிகா, அபுட்டிலான் இண்டிகம். இரண்டாம் வாரத்துக்குள் வக்கீல்கள் எல்லோரும் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் சாயங்காலம்தான் விபரீதம். கரட்டுப் பக்கம் போன ஓர் ஆட்டு மந்தை, சுற்று வட்டாரத்தில் பச்சை தெரிந்த ஒரே இடத்தைக் கண்டுபிடித்தது. ஆடுகளுக்கு லத்தீன் தெரியாது. தின்றது பாதி, மிதித்தது பாதி. பலகைகள் அத்தனையும் சாய்ந்து கிடந்தன.

ஞாயிறு விடியற்காலையில், எல்லோரும் வருவதற்கு முன், எல்லாவற்றையும் சரி பண்ணும்படி செக்ரட்டரிக்கு உத்தரவு.

போனேன். ஒரு கையில் பலகைக் கட்டு, ஒரு கையில் கல். எது எந்தச் செடிக்கு? மூன்று வாரமாக நான் செடியையா பார்த்தேன்? பலகையைத்தான் பார்த்தேன். மோட்டார் வரும் சத்தம் கேட்கத் தொடங்கியது. செடி இருக்கும் இடமெல்லாம் ஒவ்வொரு பலகையாக அடித்து நட்டேன். பதினோராம் நம்பர் பலகை மட்டும் மிஞ்சியது. 'அரிஸ்டொலோக்கியா இண்டிகா — ஈஸ்வரமூலி — பாம்புக் கடிக்கு மருந்து — அபூர்வமானது.' அந்தச் செடி நட்ட வாரமே காய்ந்து போயிருந்தது. பீப்பாய்த் தண்ணீர் வழிகிற ஓரத்தில் தானாக முளைத்த ஒரு செடி கும்பல் கும்பலாகத் தழைத்து நின்றது. ஆடுகூட அங்கே எட்டவில்லை. அதன் நடுவில் பதினொன்றை நட்டேன். ரேஞ்சர் வந்ததும் திருத்திவிடுவார், ஆட்டின் தலையில் பழியைப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரேஞ்சர் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். முதல் பலகையைப் படித்தார்.

"இதோ பாருங்கள், துத்தி. அபுட்டிலான் இண்டிகம். இதன் இலை எப்படி இருக்கிறது? மெத்தென்று, இருதய வடிவில்..."

அவர் பிரம்பு காட்டிய இடத்தில் நின்றது குப்பைமேனி. அது துத்தி அல்ல என்பது எனக்கே தெரிந்தது. காமாட்சி தினம் பிடுங்கிப் போடுகிற செடியல்லவா?

நான் தொண்டையைக் கனைத்தேன். ஆனால் சுற்றிலும் இருபது தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. "ஆமாம், இருதய வடிவம்!" என்றார் பாங்கு ஏஜெண்டு. டாக்டரின் மனைவி அதை இருதய வடிவில் வரையவே தொடங்கிவிட்டார். கனைத்த தொண்டையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தச் செடிகள் மூன்று வாரம் அடுத்தவர் பெயரில் வாழ்ந்தன. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. முள்கம்பி வேலி போட்டோம். காவல்காரன் வைத்தோம். 'இவ்விடத்துள்ள தாவரங்களைக் கொய்தல் தடை செய்யப்பட்டுள்ளது' என்று வாசலில் ஒரு பெரிய பலகை வைத்தோம். வாசகம் என்னுடையது.

ஆறாவது ஞாயிறு பரீட்சை. பலகைகளில் காகிதம் ஒட்டிப் பெயரை மறைத்திருந்தார்கள். எனக்கு என்ன கஷ்டம்? எந்தப் பலகையை எங்கே நட்டேன் என்று மனப்பாடம். முதல் பரிசு எனக்கு! வெள்ளி மெடல். முதலாளி தம் கையால் என் சட்டையில் குத்திவிட்டார். வீட்டுக்கு வந்து காமாட்சியிடம் நடந்ததைச் சொல்லிச் சிரித்தேன். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு ஆயுள் ஐந்து நாள்.

வெள்ளிக்கிழமை காலை, வேலிக்குள் கீரை பறித்தாள் என்று ஒரு பெண்ணைக் காவல்காரன் பிடித்துவிட்டான். பெயர் பாவாத்தாள். நாற்பது வயது இருக்கும். காடு கரையில் கீரை பறித்து, டவுனில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறவள். தண்ணீர் வண்டிக்காரன் திறந்து போட்டுவிட்டுப் போன படல் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறாள். பறித்தது எது? பதினோராம் நம்பர்!

முதலாளிக்கு ரத்தம் கொதித்தது. "பாம்புக் கடி மருந்துய்யா! அபூர்வம்! சீமைக்கு எழுதிப் போடலாம்னு இருந்தேன். சாக்கு நெறையப் புடுங்கிப்போட்டாளே! சும்மா உடக்கூடாது. புகார் எழுது."

புகார் எழுதியது யார்? இந்தக் கைதான். 'விலை மதிக்கவொண்ணாத அபூர்வ மூலிகையை அத்துமீறிப் பிரவேசித்துத் திருடிய' என்று அடுக்கு மொழியில் எழுதினேன். எழுதுவது பொய் என்று தெரியும். ஆனால் எழுத்து அழகாகத்தான் வந்தது.

பாவாத்தாளைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். சாயங்காலம் ஜட்கா ஸ்டாண்டுக்காரர் ஒருவர் ஜாமீன் நின்று அழைத்துப்போனார். செவ்வாய்க்கிழமை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விசாரணை. அபராதம் கட்ட அவளால் முடியாது. ஜெயில்தான் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

காமாட்சி சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பலகைய நீங்கதானுங்களே மாத்தி நட்டீங்க?"

"ஆமாம்."

"அப்ப அது மூலிகையே இல்லீங்களே?"

"இல்லை."

"போயிச் சொல்லிப்போட்டு வாங்க."

"சொன்னால் வேலை போய்விடும்."

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. "செரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள். அந்த 'செரிங்க' நாலு நாள் என் காதில் இருந்தது.

அந்த நாலு நாளில் நான் என்ன செய்தேன்? இந்தப் பக்கத்துக்குக் கட்டுரை எழுதினேன். தலைப்பு ஞாபகமிருக்கிறதா? 'உண்மை பேசுவதில் உள்ள சுகம்.' பதினேழு பேர் பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அத்தனை பேரும் மன்னிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை. கோர்ட்டில் நல்ல கூட்டம். முன் பெஞ்சியில் சங்கமே உட்கார்ந்திருந்தது. மாஜிஸ்திரேட் வயதான கனவான். காதில் கொஞ்சம் மந்தம், மற்றபடி கூர்மை. மேஜை மேல் சாக்கைப் பிரித்து வைத்தார்கள். நாலு நாள் கீரை. சுருண்டு, கறுத்து, வாடை அடித்தது. மாஜிஸ்திரேட் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

ரேஞ்சர் கூண்டேறிப் பிரம்பால் தொட்டுக் காட்டினார்.

"இது அரிஸ்டொலோக்கியா இண்டிகா. ஈஸ்வரமூலி. சந்தேகமே இல்லை. தெரியாமல் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து."

பாவாத்தாள் திரும்பி மாஜிஸ்திரேட்டைப் பார்த்தாள். அவள் அழவில்லை, கும்பிடவில்லை. சந்தையில் பேரம் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"சாமி, இது தொய்யக்கீரைங்க."

"என்னது?"

"தொய்யக்கீரைங்க! பருப்புப் போட்டுக் கடையறதுங்க. ஊரெல்லாம் காஞ்சு கெடக்குதுங்க. இங்க மட்டும் ஆரோ புண்ணியவானுங்க வண்டி வெச்சுத் தண்ணி ஊத்தறாங்க. காட்டுக் கீரைக்கு ஆருங்க தண்ணி ஊத்துவா? ஏழை பாழைக்குன்னு ஊத்தறாங்களாக்கும்னு நெனச்சுப்போட்டனுங்க."

கோர்ட்டில் சிரிப்பு. முதலாளியின் கழுத்து சிவந்தது.

"வாசலில் பலகை இருந்ததே, படிக்கவில்லையா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. தெரிஞ்சவிய ரெண்டு பேரைக் கேட்டனுங்க. அவியளுக்கும் அர்த்தம் தெரியிலீங்க."

வாசகம் என்னுடையது என்று முன்பே சொன்னேன்.

ரேஞ்சர் குரலை உயர்த்தினார். "யுவர் ஆனர், இவள் சொல்வது பொய். இது விஷத்தன்மை உள்ளது. இதைக் கடைந்து சாப்பிட்டால்..."

"அப்புடீன்னா போன வாரம் பூராவும் இதையத்தானுங்களே ஊருக்குள்ள வித்தேன்!" என்றாள் பாவாத்தாள். "உங்க ஊட்லயுந்தான் வாங்குனாங்க சாமி. திங்கக்கெழமை ஒரு கட்டு, புதங்கெழமை ரெண்டு கட்டு. அம்மணியக் கேட்டுப் பாருங்க."

மாஜிஸ்திரேட்டின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. ரேஞ்சரைப் பார்த்தார். பாவாத்தாளைப் பார்த்தார். தாம் உயிரோடு இருப்பதை ஒரு தடவை யோசித்துப் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"வேறு யாருக்காவது இந்தச் செடி தெரியுமா?"

முதலாளி எழுந்தார். "எங்க செக்ரட்டரி இருக்காருங்க. பரீட்சையில மொதப் பரிசு. மெடல் வாங்குனவரு."

கூண்டு ஏறினேன். சத்தியம் செய்தேன். மாஜிஸ்திரேட் ஒரு கொத்துக் கீரையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்.

"இது ஈஸ்வரமூலியா?"

"பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது."

"பலகையைக் கேட்கவில்லை. செடியைக் கேட்கிறேன்."

முன் பெஞ்சியில் முதலாளி 'சொல்லு' என்று தலையசைத்தார். பாவாத்தாள் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கண் அந்த அழுகிய கீரையின் மேலேயே இருந்தது. வீணாய்ப் போச்சே என்பது போல. அவள் என்னைப் பார்த்துக் கெஞ்சியிருந்தால், நான் ஏதாவது சாமர்த்தியமாகச் சொல்லி நழுவியிருப்பேன். நிச்சயமாக நழுவியிருப்பேன். அவள் என்னை ஒரு பொருட்டாகவே நினைக்காததுதான் என்னவோ செய்தது.

"தெரியாது," என்றேன். "எனக்கு ஒரு செடியும் தெரியாது. அந்தப் பலகையை அங்கே நட்டவன் நான்தான். எல்லாப் பலகையையும் ஆடு சாய்த்துவிட்டது. கைக்கு வந்தபடி நட்டேன். மூன்று வாரமாக எல்லாம் தப்பு. ஈஸ்வரமூலி எப்போதோ காய்ந்து போயிற்று."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு பின்வரிசையில் யாரோ 'பொக்' என்று சிரித்தார்கள். அவ்வளவுதான்... கோர்ட்டே கிடுகிடுத்தது. ஹெட் கான்ஸ்டபிள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டாக்டரின் மனைவி தம் படப் புத்தகத்தை மெதுவாக மூடிப் புடவைக்குள் செருகினார்.

"அப்படியானால் வகுப்பில் மூன்று வாரம் என்ன நடந்தது?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"பலகை வாசித்தோம்," என்றேன்.

கேஸ் தள்ளுபடி. வேலிக்குள் இனி போகக்கூடாது என்று பாவாத்தாளுக்கு ஓர் எச்சரிக்கை. அவ்வளவுதான்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். ஒளிப்பானேன்? நன்றி சொல்வாள் என்றுதான் போனேன். வேலையைப் பணயம் வைத்து உண்மை பேசியவன் அல்லவா? நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தேதான் இருந்தது.

"ஏனுங்க, அந்தப் பலகை மாத்துனது உங்களுக்கு வெள்ளிக்கெழமையே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"புகாருகூட நீங்கதான் எழுதுனதுன்னு அந்தப் போலீஸ்காரரு சொன்னாருங்க."

"ஆமாம்."

"நாலு நாளு யாவாரம் போச்சுங்க. டேசன்ல ஒரு பகலு குந்தியிருந்தேன். பாக்கறவியெல்லாம் திருடீன்னு பாத்தாங்க. தெரிஞ்சேதான் சும்மா இருந்தீங்களாக்கும்?"

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலில் நடந்துவிட்டாள்.

உண்மை பேசுவதில் உள்ள சுகம் என்று எழுதினேனே... அப்படி ஒன்றும் இல்லை, நேயர்களே. நேரத்தோடு பேசினால் ஒருவேளை இருக்கலாம். நாலு நாள் ஊறப்போட்டுப் பேசினால் கீரை மாதிரித்தான், வாடை அடிக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலாளி என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. இங்கிலீஷ் கடிதம் எழுத வேறு ஆள் அகப்படவில்லை என்பதால் இருக்கலாம். மெடலை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார். என் மேஜையைப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். இதை எழுதும்போதே பதினாறு தும்மல்.

சங்கம் கலைக்கப்படவில்லை, 'ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது'. பெரிய மனிதர்கள் எதையும் தப்பு என்று ஒப்புக்கொள்வதில்லை, ஒத்திவைப்பார்கள். ரேஞ்சர் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம், "பலகை மாறியது எனக்கு முதல் நாளே தெரியும். யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று சோதித்தேன்," என்கிறாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அந்த வாரம் தலையாட்டிய இருபத்தோராவது ஆள்தானே?

போன வாரம் இரண்டு நாள் நல்ல கோடை மழை. இந்த ஞாயிற்றுக்கிழமை காமாட்சியை அழைத்துக்கொண்டு கணபதிப் பக்கம் போனேன். அவள்தான் கூப்பிட்டாள். அந்தக் கரட்டுக்கு இன்னும் அப்பால், வேலி இல்லாத காட்டில், மண் வாசனையும் துளிர்ப்புமாக இருந்தது. கமிட்டி கூடாமல், ஒரு தீர்மானம்கூட நிறைவேற்றாமல், எல்லாம் தானாக முளைத்திருந்தன.

பாவாத்தாள் குனிந்து கீரை பறித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

"வாங்கம்மணி," என்றாள். காமாட்சியைப் பார்த்து.

என் காலடியில் ஒரு சின்னச் செடி. ஊதா நிறத்தில் மிளகளவு பூ. இத்தனை வாரத்தில் அன்றைக்குத்தான் நான் ஒரு செடியை உட்கார்ந்து பார்த்தேன் என்று நினைக்கிறேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

"ஏம்மா, இதுக்குப் பேர் என்ன?"

பாவாத்தாள் செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்கெதுக்குங்க வம்பு? நானு பேரு சொன்னா, நீங்க எழுதிப்போடுவீங்க. அப்பறம் என்னையத்தான் புடிப்பாங்க."

சொல்லிவிட்டுக் காமாட்சியின் காதில் மட்டும் ஏதோ முணுமுணுத்தாள். இருவரும் சிரித்தார்கள். வீடு வரும் வரை கேட்டேன். காமாட்சி வாயே திறக்கவில்லை.

அந்தச் செடியின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த நேயர்கள் தயவுசெய்து எழுதித் தெரிவிக்க வேண்டாம்.